இரண்டே பேர் இருந்தால் சௌவின் சடங்கை நடத்த முடியுமா?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு ஊரில் இருக்கும் தோழி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் ஊரில் பேகன் நெறியை, அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடுகளை இன்று மீட்டெடுக்கும் நெறியை, பின்பற்றுகிறவர்கள் வருடத்துக்கு எட்டு முறை கூடுகிறார்கள். அக்டோபர் கடைசியில் வரும், இறந்தவர்களை நினைக்கும் பண்டிகையான சௌவினுக்குத்தான் (Samhain) கூட்டம் அதிகம், 25 பேர் வரை வருவார்களாம். இதுவரை முன்னின்று நடத்திய இருவரில் ஒருவர் வேலை மாறி ஸ்காட்லாந்து போய்விட்டார், இன்னொருவர் அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருக்கிறார். மிச்சம் இவரும் ஒரு நண்பரும் மட்டும். இன்னும் மூன்று வாரம்தான். "நான்கு திசைகளுக்கு நான்கு பேர், தெய்வங்களை அழைக்க இரண்டு பேர், பாட்டுக்கு ஒருவர் என்று வழக்கமாக ஏழு பேர் வேண்டும். நான் எதையும் தலைமை ஏற்று நடத்தியதே இல்லை. ரத்து செய்துவிடலாமா? போன வருடம் அப்பா தவறிவிட்டார். இந்த வருடம் எனக்கே இந்தச் சடங்கு தேவைப்படுகிறது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

ரத்து செய்யாதீர்கள். ஏழு பேர் செய்ததை இரண்டு பேர் செய்யப் பார்த்தால் உடைந்துபோவீர்கள். இரண்டு பேர் தாங்கக்கூடிய சடங்கு ஒன்று இருக்கிறது, அதை நடத்துங்கள். நான் 14 வருடமாகத் தென் இங்கிலாந்தில் ஒரு திறந்த வட்டத்தில் இருக்கிறேன். தீட்சை, உறுப்பினர் கட்டணம் எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் அதைத் திறந்த வட்டம் என்கிறோம். அதில் ஒன்பது வருடம் நடத்தியும் இருக்கிறேன், பெரும்பாலும் ஆள் இல்லாமல்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயத்தின் வேரைப் பார்ப்போம். எதையாவது விட்டுவிட்டால் சடங்கு கெட்டுவிடும், தொன்றுதொட்டு வந்ததைக் குலைத்துவிடுவோம் என்று பயப்படுகிறீர்கள். கோயில் பூஜையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் நாம் இன்று செய்கிற வட்டச் சடங்கின் வயது எழுபது, எண்பது வருடம்தான். இங்கிலாந்தில் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு, 1954இல், ஜெரால்ட் கார்ட்னர் பேகன் நெறியின் ஒரு பிரிவாக இன்று விக்கா என்று அழைக்கப்படும் வழியைப் பற்றி வெளிப்படையாகப் புத்தகம் எழுதினார். எட்டுப் பண்டிகைகளை ஒரே சக்கரமாகக் கோத்ததும் அந்த 1950களில்தான். கார்ட்னரின் வட்டம் ஒரு பக்கம், அவர் நண்பர் ராஸ் நிக்கல்ஸ் 1964இல் தொடங்கிய, பழங்காலக் கெல்டிக் பூசாரிகளின் பெயரைக் கொண்ட ட்ரூயிட் அமைப்பு இன்னொரு பக்கம் என்று அது பரவியது. இலையுதிர்காலத்துச் சமபகல் நாளுக்கு 'மேபன்' என்ற பெயர் வந்தது 1970களில், வைத்தவர் ஓர் அமெரிக்கர்.

சௌவின் என்ற நாள் மட்டும் நிஜமாகவே பழையது. இடைக்கால ஐரிஷ் கதைகளில் அது கோடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாள், அயர்லாந்தின் தாரா குன்றில் சபை கூடும் நாள், மறு உலகத்தின் கதவு திறந்திருக்கும் நாள். (அந்தப் பெயரை இங்கே பலர் 'சாவின்' என்றும் உச்சரிப்பார்கள். தமிழ்க் காதில் அது விழும் விதத்தை நினைத்து முதல் வருடம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. 'கோடையின் முடிவு' என்றுதான் வழக்கமாக அதற்குப் பொருள் சொல்வார்கள்.) ஆனால் அன்று ஜனங்கள் எப்படி நின்றார்கள், எந்த வரிசையில் என்ன சொன்னார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

சடங்கின் மதிப்பைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. கார்ட்னரின் வட்டத்தில் 1953இல் சேர்ந்தவர் டோரீன் வேலியன்ட். அந்த வருடம் டிசம்பரில் வரும் யூல் பண்டிகைச் சடங்கு அன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கார்ட்னர் அவரிடம் வந்து, இன்று இரவுக்கு ஓர் அழைப்புப் பாட்டு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அவரும் உட்கார்ந்து எழுதினார். அது இன்றைக்கும் பல வட்டங்களில் யூல் அன்று சொல்லப்படுகிறது. நம் மரபின் ஆரம்பமே இப்படித்தான். நேரமும் ஆளும் பற்றாத ஒரு பொழுதில், கையில் இருப்பதை வைத்து மனதாரச் செய்தார்கள். நீங்கள் செய்யப்போவதும் அதுதான்.

சரி, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

ஒரு சடங்குக்கு ஒரு செயல் போதும். சௌவினுக்கு அந்தச் செயல் இறந்தவர்களின் பெயரைச் சொல்வது. அந்த 25 பேரில் பெரும்பாலானவர்கள் அதற்காகத்தான் குளிரில் கிளம்பி வருகிறார்கள். நீங்களும் அதற்காகத்தான் வரப்போகிறீர்கள். மற்றதெல்லாம் அந்த இடத்துக்கு மனிதர்களைப் பத்திரமாகக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கான வழி. வழி நீளமாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை. நான் முதல்முறை தனியாக நடத்திய சௌவினுக்கு 11 பக்கம் எழுதி வைத்திருந்தேன். நான்கு திசைகளுக்கு நான்கு பேரிடம் தாள் கொடுத்திருந்தேன், இரண்டு பேர் வரவில்லை. லேசான தூறல் வேறு. டார்ச்சைத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மை கரைந்த தாளைப் பார்த்து, கிழக்கில் ஓடிப்போய்ப் படித்துவிட்டு, அப்புறம் தெற்கில் ஓடிப்போய்ப் படித்தேன். வட்டம் இட்டு, திசைகளை அழைத்து, தெய்வங்களை அழைத்து முடிக்கவே 35 நிமிடம் ஆகிவிட்டது. பெயர் சொல்லும் கட்டம் வந்தபோது எல்லோரும் குளிரில் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார்கள். ஆறேழு பேர் சொன்னார்கள். பிறகு ஒரு மௌனம். முடிந்தது என்று நினைத்து மணியை அடித்துவிட்டேன். அடித்த அந்த நொடியில் எனக்கு எதிரே, கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர் வாயைத் திறந்திருந்தார். மணிச் சத்தம் கேட்டதும் மூடிக்கொண்டார். முடிந்த பிறகு கார் நிறுத்துமிடத்தில் அவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அம்மா, அடுத்த வருடம் சொல்லிக்கொள்கிறேன்" என்றார். அடுத்த வருடம் அவர் வரவில்லை. அவர் யார் பெயரைச் சொல்ல வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கடைசிப் பெயர் வந்த பிறகு மனதுக்குள் முப்பது மூச்சு எண்ணுவேன். முப்பது மூச்சு என்பது ரொம்ப நீளம். பத்தாவது மூச்சிலேயே 'போதும், முடித்துவிடு' என்று உடம்பு சொல்லும். முடிக்காதீர்கள். இருபதுக்கு மேல்தான் பல வருடமாகச் சொல்லாமல் இருந்த பெயர் ஒன்று வெளியே வரும்.

இப்போது உங்கள் சடங்கைப் பார்ப்போம். மொத்தம் 40 நிமிடம், அதில் பாதி பெயர்களுக்கு.

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதன் பிறகு நாலரை மணி வாக்கில் சூரியன் போய்விடும். பல பூங்காக்களில் இருட்டியதும் வாசலைப் பூட்டிவிடுவார்கள், காடு என்றால் அது யாருடையது என்று கேட்டு அனுமதி வாங்க வேண்டும். இரண்டு பேருக்கு இந்தத் தலைவலி வேண்டாம். பின்னால் புல்வெளி உள்ள ஒரு சிறு சமூகக் கூடத்தை இரண்டு மணி நேரத்துக்கு எடுங்கள். வெளியே சடங்கு, உள்ளே சாப்பாடு. கழிவறை இருக்கும், சக்கர நாற்காலியில் வருகிறவர் உள்ளே வர முடியும், மழை கொட்டினால் எல்லாவற்றையும் உள்ளே நடத்தலாம். பதிவு செய்யும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள். அவர்களுடைய காப்பீடு உங்கள் நிகழ்ச்சிக்கும் சேர்த்தா, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றலாமா? இரண்டாவதற்குப் பெரும்பாலும் கூடாது என்றுதான் பதில் வரும், புகை உணர்கருவி அலறும் என்பதால். எது எப்படியோ, பேட்டரி விளக்குகளை வாங்கி வைத்துவிடுங்கள். நம் ஊர் அகல் விளக்கை வைத்து நான் ஒருமுறை முயன்று பார்த்தேன், இந்த ஊர் நவம்பர் காற்றில் ஒரு நிமிடம் நிற்கவில்லை. நிஜத் தீ வேண்டும் என்றால் உயரமான ஜாம் பாட்டில், அடியில் இரண்டு விரல் மணல், அதன் மேல் சிறு மெழுகுவர்த்தி. நடுவில் ஒன்றே ஒன்று போதும்.

அடுத்து உங்கள் நண்பர். அவருக்குச் சடங்கில் எந்தப் பங்கும் கொடுக்காதீர்கள். தனியாக நடத்துகிறவர்கள் அதிகம் செய்கிற தவறு, இருக்கிற ஒரே ஆளை வட்டத்துக்குள் இழுத்து மேற்குத் திசையைக் கொடுத்துவிடுவது. அவர் வாசலில் நிற்க வேண்டும். தாமதமாக வருகிறவரை ஓசையில்லாமல் உள்ளே சேர்ப்பது, புகை ஒத்துக்கொள்ளாதவரைக் காற்று வரும் பக்கம் நிறுத்துவது, நாயோடு நடந்துவந்து 'இங்கே என்ன நடக்கிறது' என்று கேட்கிற அக்கம்பக்கத்தாருக்கு இரண்டு வார்த்தை சொல்வது, அழுதுகொண்டு வெளியே போகிறவர் பின்னாலேயே போய் அருகில் நிற்பது எல்லாம் அவர் வேலை. சௌவினில் யாராவது ஒருவர் கட்டாயம் வெளியே போவார். நீங்கள் போக முடியாது, நடுவில் நிற்கிறீர்கள். உங்கள் பின்னால் ஒருவர் இதைப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்தால்தான் உங்கள் குரல் நடுங்காமல் வரும். அவர் பையில் தண்ணீர், கைக்குட்டைகள், ஒரு டார்ச், முதலுதவிப் பெட்டி இருக்கட்டும்.

மற்ற வேலைக்கெல்லாம் ஆள் எங்கே என்று கேட்பீர்கள். வருகிற 25 பேர் இருக்கிறார்களே! வாசலில் வரவேற்கும்போதே ஐந்து பேரைப் பிடியுங்கள். ஒருவர் தண்ணீர்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு எல்லோரையும் ஒருமுறை சுற்றி வரட்டும். ஒருவர் மணி, ஒருவர் ரொட்டித் தட்டு, ஒருவர் ஆப்பிள் சாறு, ஒருவர் நடு விளக்கு. யாரும் எதையும் படிக்க வேண்டாம், மனப்பாடம் செய்ய வேண்டாம், நீங்கள் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தால் செய்தால் போதும். முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டால் 'எனக்கு வராது' என்பவர்கள், நேரில் கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் மறுக்க மாட்டார்கள். கூச்சமாக ஓரத்தில் நிற்கிறவரிடம் முதலில் போங்கள். கையில் ஒரு பொருள் இருந்தால் அவர் கூச்சம் பாதி போய்விடும். நன்றாகப் பேசுகிறவருக்குப் பேச்சு வராத வேலையைக் கொடுங்கள், அது வட்டத்துக்கு நல்லது.

எல்லோரும் நின்ற பிறகு, ஆரம்பிக்கும் முன்னால், நடக்கப்போவதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் முதல்முறை வந்திருப்பார்கள். "அமைதி கேட்போம், இறந்தவர்கள் பெயரைச் சொல்வோம், ரொட்டியைப் பகிர்ந்துகொள்வோம், நன்றி சொல்லி முடிப்போம். பெயர் சொல்ல விருப்பம் இல்லாதவர்கள் சும்மா நிற்கலாம். நடுவில் போக வேண்டும் என்றால் போகலாம், வாசலில் நண்பர் இருக்கிறார்." இவ்வளவுதான். நடுவில் விளக்கம் சொல்லத் தேவையே வராது.

வட்டம் இடுவதற்குக் கத்தியும் கோலும் வேண்டாம். தண்ணீர்க் கிண்ணம் ஏந்தியவர் சூரியன் போகும் திசையில், அதாவது வலம் வருவதுபோல, எல்லோரையும் ஒருமுறை சுற்றி விரல் நுனியால் தெளித்துக்கொண்டு போகட்டும். பல புத்தகங்களில் உப்புத் தண்ணீர் என்று இருக்கும். புல்லின் மேல் உப்பு வேண்டாம், கருகிவிடும். வெறும் தண்ணீர் போதும்.

திசைகளுக்கு நான்கு பேர் இல்லையே என்ற கவலைக்கு வருகிறேன். நீங்கள் நடுவில் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். "எல்லோரும் கிழக்கே திரும்புவோம்" என்று சொல்லுங்கள். 25 பேர் ஒரே நேரத்தில் இருட்டில் திரும்பும்போது உடைகள் உரசும் சத்தமும், புல் மிதிபடும் சத்தமும் கேட்கும். அதுவே பெரிய அழைப்பு. ஒவ்வொரு திசைக்கும் ஒரே ஒரு வரி. கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு மண் என்பது விக்கா வழி. அந்தப் பட்டியல் பதற்றத்தில் குழம்பிவிடும் என்று பயந்தால் ட்ரூயிட் வழியில் அமைதி மட்டும் கேளுங்கள்: "கிழக்கில் அமைதி நிலவட்டும்." எல்லோரும் அதையே திரும்பச் சொல்லட்டும். பிறகு தெற்கு, மேற்கு, வடக்கு. இதன் வேர் வேல்ஸ் நாட்டுக் கவிஞர் யோலோ மார்கனுக், 1792இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கூட்டிய கோர்செத் என்ற கவிஞர் சபையில் இருக்கிறது. பல பழங்கதைகளை அவரே எழுதிப் பழையது என்று சொன்னவர்தான். இருந்தும் அமைதி கேட்கும் அந்த வழக்கம் இரண்டு நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. நடத்துகிறவர் படிக்காமல் கூட்டமே சொல்லும் வரி என்பதால் ஆள் பற்றாத வட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை.

குறிப்பிட்ட ஒரு தெய்வத்தை அழைக்க வேண்டுமா என்பது உங்கள் வட்டத்தைப் பொறுத்தது. என் கருத்து, திறந்த சௌவினில் வேண்டாம். பழைய ஸ்காண்டிநேவியத் தெய்வங்களை வணங்கும் நார்ஸ் வழிக்காரர், விக்கா வழிக்காரர், எந்தத் தெய்வத்தையும் நம்பாதவர் எல்லாம் ஒரே புல்லில் நிற்பார்கள். இறந்தவர்கள் எல்லோருக்கும் பொது. "எங்களுக்கு முன் போனவர்களே, வாருங்கள், எங்களோடு இருங்கள்" என்றால் யாருக்கும் வாய் தடுமாறாது.

இனி பெயர்கள். முதல் பெயரை நீங்கள் சொல்ல வேண்டும், அதிலும் நீளத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நடத்துகிறவர் ஐந்து நிமிடம் பேசினால் அடுத்தவரும் ஐந்து நிமிடம் பேசுவார், 25 பேருக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிடும். நீங்கள் ஒரு பெயரும் ஒரு வரியும் சொன்னால் எல்லோரும் அதையே செய்வார்கள். நான் அம்மா பெயரைச் சொல்லி, "மிளகு ரசத்தின் வாசனையில் இருக்கிறாள்" என்று சொல்வேன், அவ்வளவுதான். உங்கள் அப்பா பெயரை அவர் எப்படி அழைக்கப்பட்டாரோ அப்படியே சொல்லுங்கள். தமிழில் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் தமிழிலேயே சொல்லுங்கள். வட்டத்தில் யாருக்கும் புரியாமல் போகாது. ஒரு வருடம் ஒரு போலந்துக்காரப் பெண் அவள் பாட்டியைப் பற்றி அவள் மொழியில் முழுதாகப் பேசினாள். ஒரு சொல் தெரியாமல் நாங்கள் எல்லோரும் அழுதோம்.

வரிசையாகச் சுற்றி வர வைக்காதீர்கள். தன் முறை நெருங்க நெருங்க நெஞ்சு அடிக்கும், பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. தோன்றும்போது தோன்றியவர் சொல்லட்டும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் எல்லோரும் சேர்ந்து "நினைக்கிறோம்" என்று ஒரு சொல் சொன்னால், சொன்னவர் அந்தரத்தில் நிற்க மாட்டார். குழந்தைகள் இருந்தால் நாய், பூனையின் பெயரைச் சொல்வார்கள். அதற்கும் அதே "நினைக்கிறோம்" தான், கொஞ்சமும் குறையக் கூடாது. தற்கொலை, கருச்சிதைவு என்று கனமானது வந்தால் ஆறுதல் உபதேசம் எதுவும் வேண்டாம். அதே சொல், பிறகு ஒரு நீண்ட மூச்சு. உங்களுக்கே தொண்டை அடைத்தால் அடைக்கட்டும். மணி ஏந்தியவரிடம் முன்பே சொல்லி வையுங்கள், நான் கையை நெஞ்சில் வைத்தால் மெதுவாக ஒருமுறை அடியுங்கள் என்று. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நீங்கள் மீண்டுவிடுவீர்கள். முடிவில் முப்பது மூச்சை மறக்காதீர்கள்.

அதன் பிறகு ரொட்டியும் சாறும். மது வேண்டாம், குடியிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர் வட்டத்தில் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரே கோப்பையில் எல்லோரும் குடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், சிறு காகிதக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தனித் தட்டில் அரிசி பிஸ்கட். இந்த நேரத்தில் நான் ஓர் ஆப்பிளைக் குறுக்கே வெட்டிக் காட்டுவேன். நாம் வழக்கமாகக் காம்பிலிருந்து நீளவாக்கில்தானே வெட்டுவோம்? நடுவயிற்றில் குறுக்கே வெட்டினால் விதை அறைகள் ஐந்தும் ஐந்து முனை நட்சத்திரமாகத் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் ஈரமாக மின்னும் அதைக் கை மாற்றிக் கை மாற்றி எல்லோரும் பார்க்கட்டும். பேசவே வேண்டாம். ஒன்று மட்டும் கவனம். யூ மரக் கிளைகளைப் பீடத்தில் வைக்க யாராவது கொண்டுவருவார்கள், கல்லறைத் தோட்டத்து மரம் என்பதால் சௌவினுக்கு அது வழக்கம். அதன் பழத்தின் சிவப்புச் சதையைத் தவிர மற்ற எல்லாமே விஷம், விதையும் இலையும் ரொம்பவே. ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைக்க விடாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டவும் விடாதீர்கள். யூலுக்கு வரும் மிசில்டோ செடியின் வெள்ளைப் பழத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

முடிக்கும்போது வந்த வழியே திரும்புங்கள். முன்னோருக்கு நன்றி, வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு என்று தலைகீழாக நன்றி, கடைசியில் வட்டம் திறந்தது என்று ஒரு சொல். இந்தப் பகுதியைச் சோர்வில் சுருக்கிவிடத் தோன்றும். சுருக்காதீர்கள். இறந்தவர்களை அழைத்துவிட்டு அனுப்பாமல் விட்டால் வந்தவர்கள் பாரத்தோடு வீட்டுக்குப் போவார்கள். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதும் இரண்டே இரண்டு இடம்தான்: திறக்கும் நான்கு வரி, மூடும் நான்கு வரி. பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பழகுங்கள். மற்றதை ஓர் உள்ளங்கை அளவு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வெளியில் குரல் பறந்துவிடும், அதனால் வழக்கமாகப் பேசுவதைவிடப் பாதி வேகத்தில், உங்களுக்கு எதிரே ரொம்பத் தூரத்தில் நிற்கும் ஒருவரிடம் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

சுழல் நடனம் வைக்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1979 முதல் சௌவினுக்கு ஆடுவது அது, பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் கைகோத்த சங்கிலியை நடுவரை இழுத்துப்போய், அங்கே திருப்பி, எதிரே வருகிறவர் முகத்தைப் பார்த்தபடி வெளியே கொண்டுவர அனுபவம் உள்ள ஒருவர் முன்னே போக வேண்டும். ஈரப் புல், இருட்டு, முழங்கால் வலிக்காரர்கள். இந்த வருடம் வேண்டாம்.

இது சரியாக வந்துவிட்டால் மற்றப் பண்டிகைகளுக்கும் பயப்பட மாட்டீர்கள். யூலுக்கு எல்லா விளக்கையும் அணைத்து இருட்டில் உட்கார்ந்துவிட்டு ஒற்றை விளக்கை ஏற்றுவது. பிப்ரவரியில் இம்போல்க்குக்கு அந்த விளக்கிலிருந்து ஒவ்வொருவரும் ஏற்றிக்கொள்வது. ஆகஸ்டில் லாமஸுக்கு ஒரு முழு ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பது, அந்தப் பெயரின் பழைய ஆங்கில மூலத்திலேயே ரொட்டி இருக்கிறது. மே மாதத்துப் பெல்டேனுக்கு, ரிப்பன் கட்டிய கம்பத்தைச் சுற்றி ஆடும் மேபோல் மட்டும் ஆள் சேரும் வரை காத்திருக்கட்டும், ரிப்பன் பின்னலுக்குப் பழகிய கால்கள் வேண்டும்.

அடுத்த வருடத்துக்கு ஆள் தேடுவதை இந்த இரவே ஆரம்பிக்கலாம். கிண்ணம், மணி, தட்டு என்று ஏந்திய அந்த ஐந்து பேரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், யூலுக்கு அவர்களையே முதலில் அழையுங்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பேகன் என்று எழுதியவர்கள் சுமார் 74,000 பேர், விக்கா என்று தனியாக எழுதியவர்கள் சுமார் 13,000. சிதறி இருப்பதால்தான் கண்ணில் படுவதில்லை. 1971இல் தொடங்கிய பேகன் ஃபெடரேஷனுக்கு எழுதிப் பக்கத்து ஊர்களில் திறந்த வட்டம் யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். ஒரே ஒருவர் வந்து வாசலில் நின்றால்கூட உங்கள் நண்பர் உள்ளே வந்து தன் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சொல்ல முடியும்.

அன்று இரவு எல்லோரும் போன பிறகு உங்களுக்கு வெறுமையாக இருக்கும், கை லேசாக நடுங்கும். அது இயல்பு. சூடாக, உப்பும் காரமுமாக எதையாவது சாப்பிடுங்கள். உங்களுக்கென்று ஒரு டிபன் பாக்ஸில் புளிசாதமோ பொங்கலோ எடுத்துப் போய் வையுங்கள், விருந்தில் உங்களுக்கு மிஞ்சாது. நண்பரோடு உட்கார்ந்து கால் மணி நேரம் பேசிவிட்டு, அப்புறம் வண்டியை எடுங்கள். ரொட்டித் துண்டு, மெழுகு, கட்டின துணி எதையும் 'படையல்' என்று விட்டுவிட்டு வராதீர்கள். ஏவ்பரிக்குப் பக்கத்தில் வெஸ்ட் கெனட் என்ற ஐயாயிரம் வருடத்துக் கல்லறைக்குள் பக்தியோடு ஏற்றி விட்டுப்போன சிறு மெழுகுவர்த்திகளே கல்லைக் கருக்கியிருக்கின்றன. டார்ச் அடித்துப் புல்லை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பன்னிரண்டு விளக்கு கொண்டு போனீர்கள் என்றால், பெட்டிக்குள் பன்னிரண்டும் வந்துவிட்டதா என்று எண்ணிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.